அப்புச்சி உட்கார்ந்த ஸ்டூல்

இன்று காலை அப்புச்சி, என் அம்மாவின் அப்பா, நான் செய்த ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்தார்.

கோபி தோட்டத்தில் காற்றுக்கு விழுந்த வேம்பு. நிழலில் ஒரு வருடம் காய்ந்த பலகை.

ஸ்டூலின் முதல் காலை, அளந்து போட்ட கோட்டின் மேலேயே அறுத்துவிட்டேன். ரம்பத்தின் பல்லே 2 மில்லிமீட்டர் தின்றுவிடும். அந்தக் கால் குட்டை, ஸ்டூல் ஆடியது. அப்புறம் மற்ற மூன்றையும் அதற்குச் சமமாகத் தேய்த்தேன். கோட்டை விட்டுவைத்து வெளிப்பக்கமாக அறுக்க வேண்டும் என்பது இப்போது கைக்கே தெரிகிறது.

அப்புச்சி குனிந்து, ஸ்டூலின் கால் சேரும் மூட்டைத் தடவினார். இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை.

"ஆணி அடிக்கலையா கண்ணு?"

"இல்லீங் அப்புச்சி. துளை போட்டுச் சொருகினது."

இத்தனை வருடம் நான் எத்தனை நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றின் மூட்டையும் இப்படிக் குனிந்து பார்த்ததில்லை.

காலி டம்ளரை ஸ்டூல் மேலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.