சூடேறினால் நின்றுவிடும் பழைய வண்டி: என் நாட்குறிப்பு

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் வழியில் நின்றுவிட்டது. மூன்று வாரத்தில் இது நான்காவது முறை.

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. 25 நிமிடம் தங்கமாக ஓடியது. மேடு ஏறும்போது லேசாக மிஸ்ஸிங் ஆரம்பித்தது. சைலன்சரில் டப் டப் என்று இரண்டு வெடி. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக இன்னும் திணறியது. கடைசியில் பேச்சுமூச்சில்லாமல் அடங்கிவிட்டது. முப்பது உதையாவது உதைத்திருப்பேன். ம்ஹும். ஓரமாக நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு உதை விட்டால், எதுவுமே நடக்காதது போல ஓடத் தொடங்கியது. அந்த நேரத்தில் வருகிற கோபம் இருக்கிறதே!

1972-இல் செய்த வண்டி. ஒற்றை சிலிண்டர், 250 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், 6 வோல்ட் பேட்டரி, பாயின்ட் (காயிலுக்குப் போகும் கரண்ட்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த இக்னிஷன். மாமா ஓட்டி ஓட்டி எனக்குக் கொடுத்தது. இரவு அவருக்கு போன் செய்தேன். சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது: "காயில் போயிடுச்சு மாப்ளே. சூடானா நிக்குதுன்னா காயில்தான். மாத்திப் போடு, சரியாயிடும்."

இருக்கலாம். பிளக்கில் பொறி விழ, பேட்டரியின் ஆறு வோல்ட்டை ஆயிரக்கணக்கில் ஏற்றுவது காயில்தானே. ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் பார்க்காமலேயே காயில் என்கிறார்கள். அது உயிரை விடுகிற நேரத்தில் பக்கத்திலிருந்து பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

வண்டி ஓட மூன்று விஷயம் வேண்டும்: பெட்ரோல், கரண்ட், கம்ப்ரஷன். சூடானால் மூன்றுமே கெடலாம். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்தால் பெட்ரோல் இறங்காது. வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் இடைவெளி மிகவும் இறுக்கமாக இருந்தால், வால்வின் தண்டு சூட்டில் நீண்டு, வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் ஒழுகும். காயில், பாயின்ட்டில் நெருப்பு பறக்காமல் காக்கும் கண்டென்சர், இரண்டிலும் உள்ளே இன்சுலேஷன் சூட்டில் கைவிடலாம். கண்டென்சர் போன வருடம்தான் புதிதாகப் போட்டது என்பதால் அதைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டேன்.

டூல் பையில் ஒரு நல்ல பிளக், பிளக் ஸ்பேனர், மல்டிமீட்டர், தடித்த துணி எடுத்து வைத்தாயிற்று. இனி அது நிற்க வேண்டும். நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வண்டி ஓட்டுவது இதுதான் முதல் தடவை.

மார்ச் 9, சனி

பிடித்துவிட்டேன்!

22-வது கிலோமீட்டரில் நின்றது. முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸ்... என்று காற்று உள்ளே இழுத்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று போக வழியில்லை. கார்புரேட்டர் பட்டினி. மூடியைப் புரட்டிப் பார்த்தால், ஊசி நுழையும் அளவு துளை, அதில் துருவும் பாலிஷும் கலந்து கெட்டியாகக் காய்ந்திருந்தது. பாலிஷ் என் கைங்கரியம். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துத் தேய்த்து நானே அடைத்திருக்கிறேன்.

மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதிச் சரிபார்த்தேன். ஏழெட்டு உதையில் ஸ்டார்ட் ஆகி வீடு வந்து சேர்ந்தது. காயிலுக்கு ஆகவிருந்த பணம் மிச்சம்.

மார்ச் 10, ஞாயிறு

31 கிலோமீட்டர். நின்றுவிட்டது.

மூடியைத் திறந்தேன். உஸ் இல்லை. நேற்று எழுதியதைப் படிக்கவே வெட்கமாக இருக்கிறது. மூடி அடைத்திருந்தது நிஜம், அது ஒரு கோளாறு. அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது. மூடியைத் திறந்து, குத்தி, ஊதி முடிக்கும் நேரத்தில் எஞ்சின் ஆறியதைத்தான் நான் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த முறை வரிசையாகப் பார்த்தேன். கார்புரேட்டரின் அடி ஸ்குரூவைத் தளர்த்தினால் பெட்ரோல் கொட்டுகிறது. பேட்டரி 6.2 வோல்ட். கிக்கரை மெதுவாக அழுத்தினால் காலை எதிர்த்துத் தள்ளுகிறது. சரி, பெட்ரோலும் கம்ப்ரஷனும் தப்பித்தன. பிளக்கைக் கழற்றும்போது துணி வழுக்கி இரண்டு விரல் சுட்டுக்கொண்டது. கையிலிருந்த புது பிளக்கைக் கேப்பில் மாட்டி, ஹெட் மேல் படுக்க வைத்து, கிக்கரை அடித்தேன். பொறி வந்தது. ஆனால் அதெல்லாம் ஒரு பொறியா? நூல் மாதிரி மெலிந்து, மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில், இரண்டு உதைக்கு ஒருமுறை. நல்ல பொறி என்றால் நீலமாக, "சட்" என்று சத்தத்தோடு விழ வேண்டும்.

அதற்குள் தம்பி தேடிக்கொண்டு வந்துவிட்டான். அவனைக் கிக்கரை மிதிக்கச் சொல்லிவிட்டு, பாயின்ட் மூடியைக் கழற்றி, வெளிச்சம் படாமல் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். பாயின்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் இரண்டு முனைக்கும் நடுவே கொழுத்த நெருப்பு. பிளக்கில் விழ வேண்டிய பொறி பாயின்ட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே, ஏதாவது தெரியுதா?" என்றான் துணிக்கு வெளியே இருந்து.

தெரிந்தது. பட்டியலிலிருந்து நான் தூக்கிய ஆள்தான் என்று சந்தேகம் வந்துவிட்டது.

மார்ச் 13, புதன்

இருந்தாலும் மாமா சொன்ன காயிலையும் பார்த்துவிடுவோம் என்று கழற்றினேன். பிரைமரி, அதாவது பேட்டரி கரண்ட் ஓடும் சுற்று, 1.5 ஓம். ஹேர் டிரையரால் பத்து நிமிடம் சூடாக்கினேன்: 1.8. அகப்பட்டது என்று ஒரு நிமிடம் துள்ளினேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 50 டிகிரி ஏறினால் 20 சதவீதம். 1.5 என்பது 1.8 ஆகத்தான் வேண்டும். அது கோளாறு இல்லை, இயற்கை.

ஆனாலும் காயில் நிரபராதி என்று மீட்டரை வைத்துச் சொல்லிவிட முடியாது. மீட்டர் கொடுப்பது ஒன்றிரண்டு வோல்ட். காயில் வேலை செய்வது ஆயிரக்கணக்கான வோல்ட்டில். அந்த அழுத்தத்தில்தான் உள்ளே இன்சுலேஷன் தாங்குமா தாங்காதா என்று தெரியும்.

மார்ச் 16, சனி

கண்டென்சர். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு தகர உருளை, ஒரு வால் ஒயர். பாயின்ட் பக்கத்திலேயே, எஞ்சின் சூடு நேராக ஏறும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பாயின்ட் திறக்கும் நொடியில் காயிலின் பிரைமரியில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் சட்டென்று அறுபட வேண்டும். அது எவ்வளவு சடாரென்று அறுபடுகிறதோ அவ்வளவு பலமாக செகண்டரியில், அதாவது பிளக்குக்குப் போகும் சுற்றில், பொறி பிறக்கும். ஆனால் ஓடுகிற கரண்ட் லேசில் நிற்காது. அந்த நொடியில் பிரைமரியிலேயே இருநூறு, முந்நூறு வோல்ட் எகிறும்; பாயின்ட் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதை ஒரு கணம் வாங்கி வைத்துக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அது வாங்காவிட்டால் பாயின்ட்டில் நெருப்பு, பிளக்கில் நூல்.

குளிர்ந்த நிலையில் 0.21 மைக்ரோஃபாரட். குறை சொல்ல இடமில்லை. மெகா ஓம் அளவில் வைத்தால் மீட்டர் எண்ணே காட்டவில்லை, அதாவது கசிவு இல்லை. ஹேர் டிரையரை வைத்தேன். மூன்று நிமிடம் வரை ஒன்றுமில்லை. பிறகு திரையில் எண் வந்தது: 14 மெகா ஓம். 9. 5. தொட்டால் கை பொறுக்காத சூடு வந்தபோது 1-க்கும் கீழே போய்விட்டது. டிரையரை நிறுத்திவிட்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற ஆற எண் மேலே ஏறியது. 2, 6, 11... கடைசியில் மறுபடியும் காலித் திரை. சாலையோரத்தில் நான் அரை மணி நேரம் காத்திருந்தது இதற்காகத்தான்! மீட்டரின் சின்ன வோல்ட்டுக்கே இப்படி என்றால் முந்நூறு வோல்ட்டில் எப்படி இருக்கும்?

புதிது என்று நினைத்தேன். யோசித்தால், அது பல வருடம் பெட்டியிலேயே கிடந்த பழைய சரக்கு. உள்ளே இருப்பது காகிதமும் மெல்லிய உலோகத் தாளும் சேர்த்துச் சுருட்டிய சுருள். பெட்டிக்குள் கிடந்தாலும் ஈரம் ஏறும், வயசாகும். பெட்டி பிரிக்காதது என்பதை வைத்து நான் புதிது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

பழைய கண்டென்சரையே திரும்பப் பொருத்திக் கிளம்பினேன். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "கெட்டதுன்னு தெரிஞ்சும் அதையே போட்டுட்டுப் போறியே!" புதியதைப் போட்டு ஓடிவிட்டால், மூடி விஷயத்தில் ஏமாந்தது போல மறுபடியும் ஏமாறலாம். கொதிக்கிற எஞ்சினில், நின்ற இடத்திலேயே மாற்றிப் பார்க்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு பிலிம் கண்டென்சர்: 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் தாங்கும். இரண்டு காலிலும் ஒயர் வைத்துப் பற்றவைத்து, நுனியில் முதலைக் கிளிப்.

24-வது கிலோமீட்டரில் வழக்கம்போல நின்றது. ஒரு கிளிப்பைக் காயிலிலிருந்து பாயின்ட்டுக்குப் போகும் ஒயரில் மாட்டினேன். இன்னொன்றை எஞ்சின் உடம்பில். உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. பத்து உதை. இல்லை. வயிற்றைக் கலக்கியது.

அப்புறம்தான் உறைத்தது. பழையதைக் கழற்றவே இல்லை! பக்கத்தில் எத்தனை நல்லதை மாட்டினாலும், ஓட்டை விழுந்தது இணைப்பில் இருக்கும்வரை கரண்ட் அது வழியாக ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். பழையதின் வாலை உருவி, நுனியில் டேப் சுற்றி ஒதுக்கினேன்.

ஒரே உதை.

வெயிலில், நின்று ஐந்து நிமிடம்கூட ஆகாத, தொட்டால் பொசுக்கும் எஞ்சின். ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்தேன். ஒரு மிஸ்ஸிங் இல்லை.

மார்ச் 20, புதன்

புதியதை எஞ்சின் பக்கத்திலிருந்து நகர்த்தி, டேங்க்குக்குக் கீழே காயில் ஓரமாக நிரந்தரமாகப் பொருத்தினேன். பாயின்ட்டோடு பக்க இணைப்பில் இருந்தால் போதும், அதன் மடியிலேயே உட்கார வேண்டும் என்றில்லை. ஒயர் நீளம் குறைவாகவும் எர்த் சுத்தமாகவும் இருக்க வேண்டும். எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும்படி செய்தேன்.

பாயின்ட் முனைகள் நெருப்பில் வெந்து ஒன்றில் குழி, எதிரில் மேடு. மெல்லிய அரத்தால் சமப்படுத்தி, ஃபீலர் கேஜ் வைத்து 0.38 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். இடைவெளி மாறினால் டைமிங்கும் நகரும், அதையும் பார்த்தாயிற்று.

மார்ச் 24, ஞாயிறு

90 கிலோமீட்டர். நடுவில் இரண்டு முறை வேண்டுமென்றே நிறுத்தி, பத்து நிமிடம் சூடு உள்ளேயே தங்கவிட்டு உதைத்தேன். இரண்டு முறையும் முதல் உதை.

மார்ச் 31, ஞாயிறு

மாமா வந்திருந்தார். கண்டென்சர் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. "நான் ஒரு சுத்து போயிட்டு வர்றேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். வாசலில் ஆஃப் செய்தார். இறங்காமல் உடனே ஒரு உதை விட்டார். ஓடியது. மறுபடி ஆஃப், மறுபடி உதை. அதுவும் ஓடியது.

இறங்கி, சாவியை என் கையில் வைத்துவிட்டு டேங்க்கைத் தட்டினார். "நல்ல காயில்டா இது. அந்தக் காலத்துச் சரக்கு. நான்தான் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டேன்."