கடனில் சிக்கிய கம்பெனி: கேஸ் ஸ்டடி தயாரித்த விதம்

திணறும் கம்பெனியின் கடனை வாங்கலாமா என்று கேஸ் ஸ்டடி வந்தால், எக்செல்லைத் திறந்து ஐந்தாண்டு விற்பனைக் கணிப்பில் இறங்கத்தான் கை போகும். நாங்கள் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம்.

முதலில் கடன் அட்டவணை: தொகை, வட்டி, முதிர்வு, ஈடு, சந்தை விலை, கடன் வாங்கியது தாய் நிறுவனமா துணை நிறுவனமா. இந்தக் கடைசி விவரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சொத்து துணை நிறுவனத்தில் இருந்து, அதன் உத்தரவாதம் இல்லாமல் பாண்ட் (கடன் பத்திரம்) தாய் நிறுவனத்தின் பெயரில் மட்டும் இருந்தால், துணை நிறுவனத்துக்குச் சரக்கு போட்டவர்கூட நமக்கு முன்னால் நிற்பார்.

அடுத்து கைப்பணம். ரிவால்வரில் (வேண்டியபோது எடுத்துத் திருப்பும் வங்கிக் கடன் வரம்பு) 100 மில்லியன் டாலரும் முழுதாக மிச்சம் என்று ஆண்டறிக்கை சொல்லும். ஒப்பந்தத்தைப் புரட்டினால், 35 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் கவனன்ட் (கடன் நிபந்தனை) சோதனை உண்டு என்று இருக்கும். தேறாத கம்பெனிக்கு 35தான் கணக்கு.

எபிட்டாவில் (வட்டி, வரி, தேய்மானம் போன்றவை கழிப்பதற்கு முன்னுள்ள லாபம்) நிர்வாகம் 130 மில்லியன் காட்டியது. மூன்று வருடமாகத் தவறாமல் வரும் ‘ஒருமுறைச் செலவு’களைத் திரும்பக் கூட்டியிருந்தார்கள். அதை நீக்கினால் 100.

இனி பங்கீடு. கம்பெனிக்கு எபிட்டாவைப் போல் 5.5 மடங்கு வைத்தால் மதிப்பு 550; திவால் வழக்குச் செலவு 30 போக 520. ஃபர்ஸ்ட் லீன் (ஈட்டின் மேல் முதல் உரிமை உள்ள கடன்) 400 முழுதாகத் தீரும். மீதி 120, அடுத்த உரிமை உள்ள செகண்ட் லீன் 200க்கு. அதாவது நூற்றுக்கு 60. ஈடில்லாத பாண்டுக்கு ஒன்றுமில்லை. சந்தையில் செகண்ட் லீன் விலை 45. ஒன்றரை வருடத்தில் 60 என்றால் ஆண்டுக்கு 21 சதவீதம். அருமை என்று இங்கேயே நிறுத்தினால் மாட்டிக்கொள்வோம். அமெரிக்கத் திவால் சட்டத்தின் சாப்டர் 11இல், ஈட்டின் மதிப்பு கடனைவிட அதிகமாக இருந்தால் வழக்குக் காலத்துக்கும் அந்தக் கடனுக்கு வட்டி ஏறும். ஃபர்ஸ்ட் லீன் 400க்கு 10 சதவீதம், ஒன்றரை வருடம்: 60. நமக்கு மிஞ்சுவது 120 அல்ல, 60, நூற்றுக்கு 30. 45க்கு வாங்கியவருக்கு நஷ்டம்.

மடங்கையும் அசைத்துப் பார்க்க வேண்டும். 6 வைத்தால் நூற்றுக்கு 55, 5 வைத்தால் வெறும் 5. அரை மடங்குக்கு 25 புள்ளி ஆடுகிறது. கம்பெனியின் மதிப்பு தீர்ந்துபோகும் இடத்தில் நிற்கும் கடன் அப்படித்தான்.

ஈடு வெளியேறும் ஓட்டைகளையும் தேட வேண்டும். 2016இல் ஜே.க்ரூ என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் தன் வணிகச் சின்ன உரிமையின் ஒரு பங்கைக் கேமன் தீவுத் துணை நிறுவனம் வழியாகக் கடன் கொடுத்தவர்களின் பிடிக்கு வெளியே நகர்த்தியது, கடன் ஒப்பந்தத்தில் முதலீட்டை அனுமதிக்கும் விலக்குப் பிரிவுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பயன்படுத்தித்தான்.

முடிவுப் பக்கத்தில் ‘வாங்கலாம், வேண்டாம்’ மட்டும் போதாது, விலை வேண்டும். ஆண்டுக்கு 20 சதவீதம் எதிர்பார்த்தால், 30 திரும்ப வரும் இந்தக் கடனுக்கு 23க்கு மேல் கொடுக்க வழியில்லை.