ஜூலையில் மொரிஷியஸ்: ஒரு ஸ்வெட்டரும் ஒரு குடையும்

வெயில் ஊர்தானே என்று பெட்டி நிறைய மெல்லிய பருத்திச் சட்டைகளாக எடுத்துப் போயிருந்தேன். ஜூலையில் மொரிஷியஸில் குளிர்காலம் என்பது பெட்டி கட்டும்போது உறைக்கவில்லை. க்யூர்பிப் போகிறேன் என்றதும், ரோஸ்ஹில்லில் நான் தங்கிய தமிழ்க் குடும்பத்து அக்கா ஒரு ஸ்வெட்டரையும் குடையையும் கையில் திணித்தார். வீட்டில் அவர்கள் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி. என்னிடம் மட்டும், சிறு வயதில் கற்ற தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அங்கே எப்பவும் மழை, தம்பி."

கிளம்பும்போது பளிச்சென்று வெயில். பஸ் மேடேறி க்யூர்பிப்பில் இறங்கினால் தூறல், பல் கிட்டும் குளிர். உயரம் என்னவோ 550 மீட்டர்தான். தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று இந்த மேட்டில் ஏறிக் குளிர்ந்து, இருக்கிற ஈரத்தையெல்லாம் இங்கேயே கொட்டிவிடுகிறது. மேற்குக் கரைக்குப் போய்ச் சேருவது வறண்ட காற்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலை செய்யும் அதே வேலை. ஆனால் தீவின் நீளமே சுமார் 65 கிலோமீட்டர். த்ரூ-ஓ-செர்ஃப் எரிமலை வாயைப் பார்க்கப் போனேன். பனிமூட்டத்தில் பள்ளம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. மாலையில் மேற்கே ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் கடற்கரையில், ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு வெயில் காய்ந்தேன்.

மறுநாள் தென்கிழக்கே, மாயேபூர் அருகிலிருந்து படகில் எக்ரெத் தீவு. வெறும் 26 ஹெக்டேர். டச்சுக்காரர்கள் 1598-இல் மொரிஷியஸுக்கு வந்து நூறு வருஷத்துக்குள், இங்கே மட்டுமே இருந்த, பறக்கத் தெரியாத டோடோ பறவை அழிந்தே போய்விட்டது. இளஞ்சிவப்புப் புறாவும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. காடு அழிந்தது, எலியும் பூனையும் குரங்கும் கூட்டைச் சூறையாடின. 1990 வாக்கில் காட்டில் மிஞ்சியவை சுமார் பத்து. கூண்டில் வளர்த்து, காட்டில் விட்டு, தீனி வைத்து, இன்று சில நூறாக்கியிருக்கிறார்கள். தலைக்கு மேல் கிளையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. நெஞ்சு வெளிறிய ரோஜா நிறம், வால் செம்பழுப்பு, இரண்டு காலிலும் அடையாள வளையம். எங்களைச் சட்டையே செய்யவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஆமைதான். இந்தத் தீவின் சொந்த ராட்சத ஆமைகளைக் கப்பல்காரர்கள் தின்றே தீர்த்துவிட்டார்கள். இப்போதிருப்பவை சீஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவிலிருந்து வந்த இனம். இவை கருங்காலிப் பழத்தைத் தின்று சாணத்தோடு போடும் விதை நன்றாக முளைக்கிறதாம். கருங்காலியை டச்சுக்காரர்கள் வெட்டித் தள்ள, ஆமை மறுபடி நட்டுக்கொண்டிருக்கிறது!

குனிந்து ஒரு நாற்றைப் பார்த்துக்கொண்டிருக்கையில் முதுகில் சொட்டு விழுந்தது. காற்று வரும் பக்கம் இது என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். குடை, ரோஸ்ஹில்லில் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது.