தண்ணி எங்க வரைக்கும்

நவம்பர் 9

மழை. மதியமே லைட் போட்டாயிற்று. அப்பாவின் ஆஸ்பத்திரிக் கடிதம் வரவில்லை.

நவம்பர் 10

காலையில் கதவைத் திறந்தால் இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் பனிமூட்டம். எதிர் லயத்து வரிசை வீடுகளே தெரியவில்லை, சித்தி இருமுகிற சத்தம் மட்டும் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்தது. அடுப்பில் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சி வைத்து ஊதி, இஞ்சி தட்டிப் போட்டு சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளாஸைக் கையில் வாங்குவதற்கு முன்பே அப்பா கேட்டார்: "என்னா புள்ள, தண்ணி எங்க வரைக்கும்?"

பார்க்காமல் சொல்லக்கூடாது. சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். கீழே மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கரையில் நிற்கிற பாறை, ஆனைக்கல்லின் கால் நனைந்திருக்கிறது, முட்டி நனையவில்லை. அப்படியே சொன்னேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு அப்புறம்தான் குடித்தார்.

நவம்பர் 12

கொழும்பில், வெள்ளவத்தை அறையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஐப்பசி வந்தால் அங்கே கடல் அடங்கிவிடும். மே மாதத்திலிருந்து ரயில் பாதைக் கல்லில் மோதி மோதி ஜன்னல் கண்ணாடியெல்லாம் உப்பாக்கிய அதே கடல், தட்டில் ஊற்றிய பால் மாதிரி கிடக்கும். பின்னேரம் இடி இடித்து மழை கொட்டிவிட்டுப் போனதும் தண்டவாளத்து ஓரமாக ஒரு கோப்பி கிளாஸோடு உட்கார்ந்திருப்பேன். கடைசி ரயிலும் போன பிறகு அலைச் சத்தம் மட்டும் இருக்கும், ஆள் மூச்சு விடுகிற மாதிரி. ஏழு வருஷமாக அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவளுக்கு இங்கே வந்த முதல் வாரம் தூக்கமே வரவில்லை.

நேற்று இரவு தகரத்தில் மழை விழுந்துகொண்டே இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

நவம்பர் 14

நானும் சித்தியும் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். அப்பா வரவில்லை. குடியுரிமை கையில் கிடைத்த நாளிலிருந்து ஒரு தேர்தலைக்கூட விட்டவர் இல்லை. என் விரல் மையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 17

ஆனைக்கல்லுக்கு முட்டி நனைந்துவிட்டது.

தண்ணி ஏறுகிற நாளில் கரையைக் கிட்டேயிருந்து பார்க்கவேண்டும். கோடையில் இறங்கியபோது செம்மண்ணில் விட்டுப்போன வரிகள், ஒன்றுக்குமேல் ஒன்றாக, படிக்கட்டு மாதிரி. இப்போது தண்ணி ஒவ்வொரு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அலை என்று ஒன்றும் கிடையாது. வரியின் விளிம்பில் ஒரு காய்ந்த இலை மிதக்கிறது, சின்னதாக நகர்கிறது, கொஞ்ச நேரத்தில் அந்த விளிம்பைக் காணோம். குந்திக்கொண்டு இதையே பார்த்திருந்தேன், காலில் இரண்டு அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து காலில் உப்புத் தேய்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னேன். பழைய பஜார் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று மறுபடி விரலால் படுக்கை விரிப்பில் வரைந்து காட்டினார். இது கோவில், இது பள்ளிவாசல், இது விகாரை, இந்த முனையில்தான் பணிஸ் கடை. மவுசாகலை அணையைக் கட்டி ஊரைத் தண்ணிக்குக் கொடுத்தபோது அவருக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ. கடும் வெயில் வருஷங்களில் தண்ணி வற்றினால் அந்தக் கட்டடங்கள் வெளியே வரும், கொழும்பிலிருந்தெல்லாம் வந்து படம் பிடிப்பார்கள். பணிஸ் கடை மட்டும் எப்போதும் வெளியே வந்ததில்லை. பலகைக் கடை, அப்போதே போயிருக்கும். அப்பா அதை ஒத்துக்கொள்ளமாட்டார், இன்னும் நாலடி இறங்கினால் தெரியும் என்பார்.

நவம்பர் 18

கடிதம் வரவில்லை. போன் பண்ணினேன். அடுத்த வாரம் பார்ப்போம் என்றார்கள்.

நவம்பர் 21

இன்று வெயில், முழுசாக ஒன்றரை மணி நேரம்! லயமே வெளியில் வந்துவிட்டது. போர்வை, சுவெட்டர், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, எல்லாம் கம்பியில். அப்பாவை நாற்காலியோடு தூக்கி இஸ்தோப்பில் வைத்தோம். வெயில் அவர் பாதத்தில் விழுந்து மெல்ல முழங்காலுக்கு ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு, "இது போதும்" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது, ஏன் அப்படிச் சொன்னார் என்று இரவு வரைக்கும் அதே யோசனை. வெயிலைத்தான் சொல்லியிருப்பார்.

நவம்பர் 27

மூன்று நாளாக விடாத மழை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்கிறது ரேடியோ. உயர்தரப் பரீட்சையையே நிறுத்திவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா பிள்ளை இரவெல்லாம் படித்துவிட்டுக் காலையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அணையின் வான் கதவு திறப்பார்களா என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் ஒரு வெடிப்பு, சித்தி நேற்றே பார்த்தாளாம், இன்றைக்குத்தான் சொல்கிறாள். நாங்கள் பத்துப் பேர் போய் டோர்ச் அடித்துப் பார்த்தோம். விரல் போகிற அகலம். குச்சி ஒன்றை நட்டு அடையாளம் வைத்துவிட்டு வந்தோம்.

உடுப்பு, மாத்திரை, அப்பாவின் ஃபைல் எல்லாம் ஒரு பையில். சப்பாத்தோடு படுக்கப்போகிறேன்.

நவம்பர் 28

அகலவில்லை.

டிசம்பர் 1

வெளுத்துவிட்டது. ஆனைக்கல்லைக் காணோம்! முதுகில் ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் வெளியே, அதன்மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. ஓடிவந்து சொன்னேன். "முழுகட்டும், முழுகட்டும்" என்று அப்பா சிரித்தார், கடைசிப் பல் தெரிய.

டிசம்பர் 5

பரீட்சை நேற்று மறுபடி தொடங்கியது. பக்கத்துப் பிள்ளைக்கு முட்டை அவித்துக் கொடுத்துவிட்டேன்.

இரவு ரொட்டி சுட்டு, தேங்காயும் கொச்சிக்காயும் அம்மியில் வைத்து அரைத்த சம்பல். அடுப்படியிலேயே பலகை போட்டு மூன்று பேரும் சாப்பிட்டோம். வெளியே குளிர், முதுகு குளிருகிறது, முகம் மட்டும் நெருப்பில் சுடுகிறது. அப்பா ஒன்றரை ரொட்டி சாப்பிட்டார். ஒன்றரை!

அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய்த் தண்ணிக்கே வந்தது. இங்கேயிருந்து சுரங்கம் வழியாக கெனியனுக்கு, பிறகு லக்ஷபான, பொல்பிட்டிய என்று ஒவ்வொரு மின்நிலையமாகச் சுற்றிவிட்டு, களனி கங்கையாகி, முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. "நீ அங்க பாத்த கடல்ல பாதி நம்ம தண்ணிதான்" என்றார். ஏழு வருஷம் அதன் பக்கத்தில் இருந்தும் எனக்கு ஒருநாளும் இப்படித் தோன்றவில்லை. ஆனைக்கல்லைத் தொட்ட தண்ணி அங்கே போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? நான் அங்கே தண்டவாளத்து ஓரமாக உட்கார்ந்திருந்தபோது இவர் இங்கே தனியாக இருந்தார்.

டிசம்பர் 9

போன் எடுக்கவில்லை. நான்கு தடவை.

டிசம்பர் 13

கார்த்திகை விளக்கீடு. வாசலில் ஐந்து சிட்டி விளக்கு வைத்தேன், காற்று மூன்றை அணைத்துவிட்டது, திரும்ப ஏற்றினேன். அப்பாவுக்கு நாளை ராத்திரியைத் தவிர வேறு பேச்சில்லை. நாளை பௌர்ணமி, சிவனொளிபாதமலை சீசன் தொடங்குகிறது, மலையில் லைட் போடுவார்கள்.

டிசம்பர் 14

மலையே இல்லை. நல்லதண்ணிப் பக்கம் முழுவதும் மூட்டம். பதினொரு மணிவரை இருவரும் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 15

அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பினார். கை குளிர்ந்து கிடந்தது, பயந்தே போனேன். "வெளியில பாரு."

நிலா. மூட்டம் எல்லாம் கீழே தண்ணியோடு படுத்துவிட்டது, மலை மட்டும் கறுப்பாக நிற்கிறது, அடியிலிருந்து உச்சி வரைக்கும் விளக்கு. நேர்கோடு இல்லை, வளைந்து வளைந்து, நடுவில் ஒரு இடத்தில் காட்டுக்குள் போய் அறுந்து, மேலே மறுபடி தொடங்குகிறது. அந்த அறுந்த இடத்தில்தான் தன் சின்ன வயதில் அப்பாயி வெல்லம் கொடுத்து உட்காரவைத்ததாகச் சொன்னார். இரண்டு போர்வையும் என் சுவெட்டரும் போர்த்தி, விடிந்து விளக்கு வெளிறும்வரைக்கும் உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார்.

தண்ணி எங்க வரைக்கும் என்று இன்றைக்குக் கேட்கவில்லை. நானாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

டிசம்பர் 16

மார்கழி முதல் நாள், கோவிலில் பஜனை தொடங்கியது.

பத்தரைக்குப் போன் வந்தது. நாளை காலை ஐந்து மணிக்கு வேன். அப்பாவின் சுவெட்டர் இன்னும் காயவில்லை, அடுப்புக்கு மேலே கொடியில் போட்டிருக்கிறேன்.