திறந்தே கிடக்க வேண்டிய குழாய்

குளிர்நாட்டில் எங்களுக்கு வாய்த்த முதல் வீட்டின் பின்சுவரில் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. கோடை முழுவதும் அதில் ஹோஸ் பைப்பை மாட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். இலையுதிர்காலத்தில் தோட்ட வேலை ஓய்ந்ததும் குழாயை இறுக மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகினாலும் அம்மாவிடம் திட்டு வாங்கி வளர்ந்தவன் நான். மூடுவதில் மட்டும் குறை வைக்க மாட்டேன். ஹோஸ் பைப்பைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

குளிர்காலம் சத்தமில்லாமல் கடந்தது. எங்கும் ஒழுகவில்லை, ஈரமில்லை. பைப் வெடிக்கும் என்று முன்பே இங்கு வந்து குடியேறிய நண்பர்கள் பயமுறுத்தியதெல்லாம் வீண் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். வசந்தம் பிறந்து வெயில் வந்த முதல் ஞாயிறன்று குழாயைத் திறந்தேன். தண்ணீர் நூலாக வந்தது. பத்து நிமிடம் கழித்து அடித்தளத்திலிருந்து மனைவியின் குரல்: "சீக்கிரம் வாங்க, சுவருக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டுகிறது!"

பிளம்பர் வந்து குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளியே தெரிந்தது கைப்பிடி மட்டும்தான். அதன் பின்னால் ஓரடி நீளத்துக்கு ஒரு தண்டு சுவரைத் துளைத்து உள்ளே போயிருந்தது. அந்தத் தண்டு இலவங்காய் வெடித்ததுபோல் நெடுக்காகப் பிளந்திருந்தது.

அது உறைபனியைத் தாங்குவதற்கென்றே செய்த குழாயாம். கைப்பிடி வெளியே இருந்தாலும், தண்ணீரை அடைக்கும் வால்வு தண்டின் மறுமுனையில், வீட்டின் கதகதப்புக்குள் இருக்கிறது. மூடியதும் தண்டில் மிஞ்சிய நீர் தானாக வெளியே வடிந்துவிட வேண்டும். நான் ஹோஸ் பைப்பைக் கழற்றாமல் விட்டதால் நீர் வடியவில்லை. தண்டுக்குள்ளேயே நின்று உறைந்துவிட்டது. பிளவு வால்வுக்கு இந்தப் பக்கம் இருந்ததால், குழாய் மூடியிருந்த மாதங்களில் ஒரு சொட்டும் கசியவில்லை. திறந்த அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. உறைபனியைத் தாங்கும் குழாயையே உறையவைத்த பெருமை எனக்கு.

அதன் பிறகு ஒரு வாரம் இதைப் பற்றியே படித்தேன். குளிரக் குளிரச் சுருங்கிக்கொண்டே வரும் தண்ணீர், 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் மறுபடி விரியத் தொடங்குகிறது. பனிக்கட்டியாகும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடிவிடுகிறது. பனிக்கட்டி பைப்பின் சுவரைத் தள்ளி உடைக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் நடப்பது வேறு. எங்கோ ஓரிடத்தில் பைப் முழுதும் அடைபடுகிறது. அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே இன்னும் உறையாத நீர் சிக்கிக்கொள்கிறது. பனிக்கட்டி வளர வளர அந்த நீர் நெருக்கப்பட்டு, அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் பைப் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் பனிக்கட்டியே இல்லாமலும் இருக்கலாம். குழாய் திறந்திருந்தால் அந்த நீருக்கு ஒரு போக்கிடம் கிடைக்கிறது. கடுங்குளிர் இரவில் வீட்டுக்குள் ஒரு குழாயை மெல்லிய இழையாக ஓடவிடச் சொல்வது இதனால்தான். அம்மாவுக்கு இதை விளக்க நான் இன்னும் துணியவில்லை.

இப்போதெல்லாம் முதல் உறைபனிக்கு முன்பே வேலையை முடித்துவிடுகிறேன். ஹோஸ் பைப்பைக் கழற்றி, நீரை வடித்து, சுருட்டி உள்ளே வைக்கிறேன். பக்கச் சுவரில் பழைய மாதிரிக் குழாய் ஒன்றும் உண்டு. அதற்கான தடுப்பு வால்வு அடித்தளத்தில் இருக்கிறது. முதல் தடவை அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் அட்டைப்பெட்டிகளை நகர்த்தினேன். அதை மூடிவிட்டு வெளியே போய்க் குழாயைத் திறந்தால் மிச்ச நீர் கொட்டிவிடும். வால்வின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடி இருக்கிறது. அடியில் வாளியை வைத்து அதைத் தளர்த்தினால் தேங்கிய கொஞ்ச நீரும் இறங்கிவிடும். பிறகு சிறு மூடியை முடுக்கிவிட்டு, வெளிக்குழாயை மட்டும் குளிர்காலம் முழுக்கத் திறந்தபடியே விட்டுவிட வேண்டும்.

பைப்புக்கு நுரை உறை போட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். கம்பளி போர்த்தினால் கல்லுக்குச் சூடு வருமா? உறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். குளிர் நாட்கணக்கில் நீடித்தால் உறைக்குள் நிற்கும் நீரும் உறைந்துவிடும். வெளிக்குழாய்க்கு நீரை வடிப்பதுதான் முதல் வேலை; உறை அடுத்துத்தான். வடிக்க முடியாத பைப்புகளுக்கு உறை கட்டாயம் வேண்டும். அதிலும் முழங்கை வளைவில் விரலளவு இடைவெளி விட்டால் அங்கேதான் உறையும். பைப் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டையையும் அடைத்துவிட வேண்டும். அந்த வழியாக வரும் காற்று மோசமான எதிரி.

இரண்டாம் குளிர்காலத்தில் சமையலறைத் தொட்டிக்கு வரும் பைப் உறைந்தது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்குள் அது ஓடுகிறது. அலமாரிக் கதவை மூடியே வைத்ததால் அறையின் சூடு உள்ளே போகவில்லை. குழாயைத் திறந்துவைத்துவிட்டு, குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடேற்றினேன். நடுவிலிருந்து தொடங்கினால் உருகிய நீர் வெளியேற வழியின்றி மாட்டிக்கொள்ளும். தீச்சுவாலை காட்டுவது வீட்டுக்கே நெருப்பு வைக்கும் வேலை. உருகும்போதுதான் பிளவு தெரியவரும் என்பதால், வீட்டின் தலைமை வால்வின் மேல் கை வைத்தபடி மனைவி நின்றிருந்தாள். பிளவு இல்லை. தப்பித்தோம்.

வசந்தத்தில் திறப்பதற்கும் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். பக்கச் சுவர்க் குழாயை மூடிவிட்டு, அடித்தளத்து வால்வை மெதுவாகத் திறக்கிறேன். பிறகு ஒருவர் வெளியே போய் இரண்டு குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறக்க, மற்றவர் டார்ச்சோடு கீழே நின்று சுவரைப் பார்க்கிறோம். "உலர்ந்திருக்கிறது" என்று மனைவி கத்திய பிறகுதான் ஹோஸ் பைப்பை மாட்டுகிறேன்.