கர்துங் லா: ஆறு கோடுகளின் வித்தியாசம்

லடாக்கின் லே நகரத்திலிருந்து நூப்ரா பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் வழக்கமாகத் தாண்டுவது கர்துங் லா கணவாயை. உச்சியில் பல வருடங்கள் நின்ற பலகையில் 18,380 அடி, அதாவது 5,602 மீட்டர் என்று இருந்தது. மலையேறுகிறவர்களுக்கான வரைபடத்தில் அந்தப் பகுதி என் பொறுப்புக்கு வந்தபோது, கான்டூர் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், அந்த எண்ணுக்கு ஒத்தே வரவில்லை.

நாங்கள் பயன்படுத்தியது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த உயரத் தரவு. 40 மீட்டருக்கு ஒரு கோடு. கோடுகளுக்குள் கணவாயைத் தேடிப் பிடிப்பது எனக்கு எப்போதும் பிடித்த வேலை. எதிரெதிரே இரண்டு சிகரங்களிலிருந்து இறங்கும் கோடுகள் முகத்தோடு முகம் நெருங்கி வரும். குறுக்கே, இரண்டு பக்கமும் ஓடைகளை நோக்கிக் கோடுகள் விலகிப் போகும். நடுவில் கோடே இல்லாத சின்ன இடைவெளிதான் கணவாய். இங்கே அது 5,360 மீட்டர் கோட்டை ஒட்டி விழுந்தது. ஜிபிஎஸ்ஸோடு அங்கே போய் அளந்தவர்களுக்குக் கிடைத்ததும் சுமார் 5,359. பலகைக்கும் தரைக்கும் 243 மீட்டர், முழுசாக ஆறு கோடுகள். செங்குத்துச் சரிவுகளில் ரேடார் பிசகும், சில இடங்களில் தரவே இருக்காது. அதற்காக இவ்வளவு பிசகாது.

"போர்டுல உள்ளதையே போட்டுடுங்க, வாங்கறவங்க அதைத்தான் தேடுவாங்க" என்றார் மூத்தவர் ஒருவர்.

"கோடு ஒண்ணு சொல்லி எண் வேற சொன்னா, படிக்கிறவர் எதை சார் நம்புவார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "சரி, கோட்டுப்படியே போடுங்க" என்றார்.

லே சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து சைக்கிளில் கிளம்புகிறவர், கிட்டத்தட்ட 40 கிலோமீட்டருக்குள் 1,850 மீட்டர் ஏற வேண்டும். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் பாதிதான். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று அவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பெருமைக்காக அதில் ஒரு மீட்டர்கூடக் கூட்ட எனக்கு மனசு வராது.

ஓடைகள்தான் அதிக நேரம் எடுத்தன. லடாக் குளிர்ப் பாலைவனம். மழை சொற்பம், ஓடைகளில் வருவது பெரும்பாலும் பனி உருகிய நீர். காலையில் கல்லாகக் கிடக்கும் பள்ளத்தில், வெயில் ஏறியபின் பிற்பகலில் தண்ணீர் பாயும். நிரந்தர நீர் என்று முழு நீலக்கோடு போட முடியாது, வறண்ட பள்ளம் என்று விட்டுவிடவும் முடியாது. விட்டு விட்டுப் போகும் நீலக்கோடு போட்டு, 'பிற்பகலில் நீர் உயரும். காலையில் கடக்கவும்' என்று ஓரத்தில் எழுதினோம்.