வடக்கு பார்த்த சமாதி: யோஷினோ மலையில் பேரரசர் கோ-டைகோ

ஜப்பானின் நாரா மாகாணத்தில் உள்ள யோஷினோ மலை என்றாலே செர்ரிப் பூதான் நினைவுக்கு வரும். ஏப்ரலில் பூக்கும் அந்த இரண்டு வாரமும் மலையில் கால் வைக்க இடமிருக்காது. 14ஆம் நூற்றாண்டில் இங்கே தனி அரசவை அமைத்து, இங்கேயே மறைந்த பேரரசர் கோ-டைகோவின் சமாதியைத் தரிசிக்கப் போகிறவர்கள் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. இது அமைதியாக நின்று வணங்க வேண்டிய இடம்.

ஒசாகாவின் அபேனோபாஷி நிலையத்தில் கின்டெட்சு ரயில் ஏறினால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் யோஷினோ. கியோத்தோவிலிருந்து வருவோர் காஷிஹாரா ஜிங்கு-மாயேயில் வண்டி மாற வேண்டும். மலையடிவாரத்தில் 1929இல் தொடங்கிய ரோப்கார் இருக்கிறது. எல்லா நாளும் ஓடுவதில்லை. அதை நம்பி வந்து ஏமாறுகிறவர்கள் நிறைய. ஓடாத நாளில் வளைவுப் பாதையில் ஏறித்தான் போக வேண்டும். அந்த நேரத்தையும் சேர்த்துக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். சமாதி இருக்கும் நியோய்ரின்-ஜி கோயிலைச் சாதாரண நாட்களில் மாலை 4 மணிக்கே அடைத்துவிடுவார்கள்.

கடைத்தெரு வழியே ஏறினால் முதலில் பெரிய செப்புத் தோரணம், அப்புறம் கின்புசென்-ஜியின் சாவோ-தோ மண்டபம். 34 மீட்டர் உயரம், முழுக்க மரம். உள்ளே சுமார் 7 மீட்டரில் நீல மேனியும் உக்கிர முகமுமாக மலைக்காவல் தெய்வமான சாவோ கொங்கெனின் மூன்று மூர்த்திகள். ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே திரை விலகும் என்பதால் தேதி பார்த்துப் போகவும்.

1333இல் கோ-டைகோவின் மகன் மோரியோஷி, காமகுராவிலிருந்து நாட்டை ஆண்ட இராணுவ அரசின் படையை எதிர்த்து நின்றது இங்கேதான். தெந்தாய் என்ற புத்தப் பிரிவின் தலைமைத் துறவியாக இருந்து, தந்தைக்காக வாளெடுத்தவர் அவர். இங்கிருந்த கோட்டை விழுந்தபோது அவருடைய வீரர் முராகாமி யோஷிதெரு இளவரசரின் கவசத்தைத் தான் அணிந்துகொண்டு, ‘நானே இளவரசன்’ என்று கூவி உயிரை விட்டார், மோரியோஷி தப்பினார். ஆனால் 1335இல் காமகுராவில் சிறையிலேயே அவரைக் கொன்றார்கள். இன்னொரு மகன் தகநாகா 1337இல் கானெகாசாகிக் கோட்டை வீழ்ந்தபோது தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். ஒரே தகப்பனுக்கு இத்தனை இழப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.

அடுத்தது யோஷிமிசு கோயில். 1336 இறுதியில், முதலில் தன் பக்கம் நின்று பின் தனக்கெதிராகத் திரும்பிய தளபதி ஆஷிகாகா தகாவுஜியின் பிடியிலிருந்து தப்பி வந்த பேரரசர் முதலில் தங்கியது இங்கே. அவர் அமர்ந்த அறையை இன்றும் அப்படியே காக்கிறார்கள். வெளியே ‘ஹொக்கெத்சுமோன்’ என்ற சிறு வாயில். இங்கே நின்றுதான் அவர் தலைநகரான கியோத்தோவின் வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டார் என்பது ஐதீகம்.

யோஷிமிசு ஷிண்டோ கோயில்: இரண்டு முறை குனிந்து வணங்கி, இரண்டு முறை கை தட்டி, மீண்டும் ஒருமுறை குனிய வேண்டும். நியோய்ரின்-ஜி புத்தக் கோயில். அங்கே கை தட்டக் கூடாது, கூப்பினால் போதும். ஒரே நாளில் இரண்டுக்கும் போவதால் பலரும் இங்கே கை தட்டிய பழக்கத்தில் அங்கேயும் தட்டிவிடுகிறார்கள்.

நியோய்ரின்-ஜி பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். இறங்கி ஏற அரை மணி நேரமாவது ஆகும். மழை பெய்தால் படிகள் வழுக்கும். பிடிப்புள்ள செருப்போ ஷூவோ அவசியம். பிரதான மண்டபத்துக்குப் பின்னால் கல்படி ஏறினால் தோனோ-ஓ சமாதி. கல்வேலி, அதற்குள் தோரணம், அதற்கப்பால் மரங்கள் சூழ்ந்த மண்மேடு, அவ்வளவுதான். உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை. பக்கத்து மரப்பலகையில் மூன்று கட்டளைகள்: உள்ளே நுழையாதே, மீன், பறவை பிடிக்காதே, மூங்கிலையும் மரத்தையும் வெட்டாதே.

பேரரசர்களின் சமாதிகள் வழக்கமாகத் தெற்கு பார்த்தவை. இது வடக்கு பார்த்தது. 1339இல், அரியணையைத் தன் சிறுவயது மகன் கோ-முராகாமிக்குக் கொடுத்த மறுநாள், கோ-டைகோ காலமானார். எலும்பு இந்தத் தென்மலையின் பாசியில் புதைந்தாலும் ஆன்மா வடக்கே அரண்மனையையே நோக்கியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனதாக அக்காலப் போர்க்காவியம் கூறுகிறது. கோ-முராகாமியின் தாய் ஆனோ ரென்ஷி. 1332இல் காமகுரா அரசு பேரரசரை ஓகி தீவுக்கு நாடு கடத்தியபோதும் கூடவே போனவர். நீங்கள் சமாதியை வணங்கி நிற்கும்போது கியோத்தோ உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கும்பிட்ட பிறகு ஒரு நிமிடம் திரும்பி நின்று அவர் பார்க்கும் திசையைப் பாருங்கள்.

இறங்கி வந்ததும் கோயிலில் காத்துவரும் பழைய மரக்கதவைப் பார்க்காமல் போகாதீர்கள். 1348 ஷிஜோநாவாத்தே போருக்குப் புறப்படும்முன் யோஷினோ அரசவையின் தளபதி குசுனோகி மசாத்சுரா இந்தச் சமாதியை வணங்கிவிட்டு, திரும்பப் போவதில்லை என்ற கவிதையை அம்பு முனையால் கீறிய கதவு அது. மசாத்சுரா அந்தப் போரிலேயே மாண்டார். அதே ஆண்டு பகைவர் யோஷினோவைக் கொளுத்தினார்கள். கோ-முராகாமி இன்னும் உள்ளே தள்ளிய மலைக்கு ஓட வேண்டியதாயிற்று. யோஷினோவில் கோ-டைகோ தொடங்கிய இந்தத் தென் அரசவை, கியோத்தோவில் தகாவுஜி நிறுத்திய வட அரசவைக்கு எதிராக 1392 வரை தாங்கியது.

மறுநாள் கியோத்தோவில் இருந்தால் அராஷியாமாவின் தென்ரியூ-ஜிக்குப் போங்கள். கோ-டைகோவின் பாட்டனார் கமெயாமாவின் மாளிகை இருந்த இடம் அது. தான் விரட்டிய பேரரசரின் ஆன்மா சாந்தியடைய, துறவி முசோ சொசெகியை முன்னிறுத்தி அங்கே கோயில் எழுப்பியவர் தகாவுஜிதான். தோட்டம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பின்னால் ஏறித் தாஹோ-தென் மண்டபம் வரை போக வேண்டும். கோ-டைகோவின் மரத் திருவுருவம் அங்கே இருக்கிறது.